அச்சகத்துப் பரணில் கிடந்த ஃபிளாப்பிகளிலிருந்து தமிழ்க் கோப்புகளை மீட்பது

மயிலாடுதுறையில் உங்கள் தந்தையார் 1989 முதல் 2001 வரை நடத்திய அச்சகத்தின் பரணிலிருந்து, இரண்டு அளவிலான ஃபிளாப்பிகள் ஒரு பெட்டி நிறையக் கிடைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர் அச்சுக்குத் தயார் செய்து, வெளியிடாமலே விட்டுச்சென்ற ஒரு தலபுராண உரை அவற்றில் எங்கோ இருக்க வேண்டும் என்பது உங்கள் நம்பிக்கை. புதிதாக வாங்கிய யூ.எஸ்.பி. டிரைவில் செருகிப் பார்த்ததில் சில ஃபிளாப்பிகளை ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டதும், ஒன்று மட்டும் திறந்து அதன் கோப்பில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்ததும், சிலவற்றில் பூசணம் பூத்திருப்பதும் உங்களைக் கலங்க வைத்திருக்கின்றன. இனி என்ன செய்வது என்பது கேள்வி.

அந்த ஆங்கில எழுத்துகளைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. அது, எந்த எண் எந்த எழுத்து என்பதற்கான இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு முந்தைய ஏதோவொரு ஃபாண்டில் அடிக்கப்பட்டு, பழுதில்லாமல் வந்து சேர்ந்திருக்கும் தமிழாகவே இருக்கக்கூடும். ஃபிளாப்பியிலிருந்து பைட்டுகளை, அதாவது அதில் பதிந்திருக்கும் எண்களை, எடுப்பது ஒரு வேலை. எடுத்த பைட்டுகளைத் தமிழாக்குவது முற்றிலும் வேறொரு வேலை. முதல் வேலைக்கான கருவிகளை இன்றும் காசு கொடுத்து வாங்கலாம். இரண்டாவது வேலைக்கான சாவி உங்கள் பெட்டிக்குள்ளேயே, அதுவும் ‘இது வெறும் புரோகிராம் ஃபிளாப்பி’ என்று எவரும் ஒதுக்கிவைக்கும் ஒன்றில் கிடக்க வாய்ப்பு அதிகம். எனவே அச்சகத்தின் ஃபாண்டுகள் இருக்கும் ஃபிளாப்பியைத் தலபுராணத்துக்கு முன்பே மீட்டுவிட வேண்டும் என்பதுதான் இந்தப் பதிலில் நான் சொல்ல விரும்புவதன் சாரம். மற்றவையெல்லாம் அதைச் சேதமில்லாமல் செய்து முடிப்பதற்கான வழிகள்.

இப்போதைக்கு எந்த ஃபிளாப்பியையும் மீண்டும் டிரைவில் போடாதீர்கள். ஃபார்மட் செய்யவா என்ற கேள்விக்கு எப்போதும் வேண்டாம் என்பதே பதில். டிரைவுக்கோ விண்டோஸுக்கோ அந்த ஃபிளாப்பியின் அமைப்பு புரியவில்லை என்பதைத்தான் விண்டோஸ் அப்படிக் கேட்கிறது, ஃபிளாப்பி காலி என்பதால் அல்ல. அடுத்து, எழுதுதடையைப் போட்டுவிடுங்கள். 3.5 அங்குல ஃபிளாப்பியின் மூலையில் இருக்கும் சிறு சறுக்குப் பலகையைத் தள்ளித் துளை திறந்திருக்குமாறு வைத்தால் எழுத முடியாது. 5.25 அங்குலத்தில் இது தலைகீழ்: விளிம்பில் உள்ள சதுர வெட்டை ஒளி புகாத தாள் ஒட்டி மூடினால்தான் எழுத முடியாது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர். வாசிக்கத்தானே போகிறோம், தடை எதற்கு என்று நினைக்க வேண்டாம். விண்டோஸ் 95, 98 ஆகியவை எழுதுதடையில்லாத ஃபிளாப்பியைத் திறந்து பார்த்த மாத்திரத்திலேயே அதன் முதல் செக்டரில் (தரவு பதியும் சிறு துண்டில்) தம் அடையாளத்தை எழுதிவைக்கும் பழக்கம் உடையவை. பழைய கணினி ஒன்றை எங்கிருந்தாவது தேடிப் பிடித்து அதில் போட்டுப் பார்க்கும் எண்ணம் இருந்தால் இதை மறந்துவிடக் கூடாது.

அதன்பின் பெட்டியைப் பிரித்து அடுக்குங்கள். ஒவ்வொரு ஃபிளாப்பியின் இருபுறத்தையும், லேபிள் வாசிக்கும்படியாக, கைப்பேசியில் படமெடுத்து, ஓர் எண் கொடுங்கள். எண்ணை உறையின் மேல் எழுதுங்கள், ஃபிளாப்பியின் மேல் பேனாவை அழுத்தாதீர்கள். 3.5 அங்குலத்தில் எழுதுதடைத் துளைக்கு எதிர்மூலையில் இன்னொரு துளை இருந்தால் அது 1.44 எம்.பி. கொள்ளளவுள்ள வகை, இல்லையென்றால் 720 கே.பி. வகை. சிலர் 720 கே.பி. ஃபிளாப்பியில் தாமாகவே துளையிட்டு 1.44 ஆக ஃபார்மட் செய்து காசு மிச்சம் பிடித்தார்கள். துளையின் விளிம்பு பிசிறடித்திருந்தால் அப்படிப்பட்டது என்று குறித்துவையுங்கள். 5.25 அங்குலத்தில் நடுத்துளையைச் சுற்றி வலுவூட்டும் வளையம் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் 360 கே.பி.; வளையமில்லாதது பெரும்பாலும் 1.2 எம்.பி. லேபிளில் தேதி இருந்தால் அதைத் தனியே எழுதிவையுங்கள், பின்னால் பயன்படும். ‘மேக்’ என்றோ ஆப்பிள் என்றோ எழுதப்பட்டவற்றைத் தனியாக வையுங்கள். ஃபாண்ட், செட்டப், தமிழ் என்பன போன்ற சொற்கள் எழுதப்பட்டவை எல்லாம் முதல் அடுக்கில் வரட்டும். பிரிண்டர் கேபிள் செருகும் இடத்தில் மாட்டக்கூடிய, தீப்பெட்டியளவான பொருள் ஒன்று பெட்டியில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அந்நாளைய தமிழ் மென்பொருள்களில் சில, அந்தப் பூட்டு இருந்தால்தான் இயங்கும். அச்சகத்தின் பழைய கணினி உறவினர் வீட்டிலோ காயலான் கடையிலோ இன்னும் கிடந்தால், முழுக் கணினியும் வேண்டாம், அதன் ஃபிளாப்பி டிரைவை மட்டுமாவது வாங்கிவிடுங்கள். வட்டை வாசித்து எழுதும் முனையான ஹெட் சற்று விலகியிருந்த டிரைவில் எழுதப்பட்ட ஃபிளாப்பியை வேறெந்த டிரைவும் வாசிக்க மறுக்க, எழுதிய டிரைவு மட்டும் தடங்கலின்றி வாசிப்பதுண்டு.

பூசணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாவில் நல்ல நிலையில் இருக்கும் ஃபிளாப்பிகளையும் கெடுப்பது இதுதான். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்யும்போது ஓட்டு வீட்டுப் பரணில் இருந்த அட்டைப்பெட்டி எவ்வளவு ஈரத்தைக் குடித்திருக்கும் என்பதை நீங்களே அறிவீர்கள். 5.25 அங்குல ஃபிளாப்பியைக் கையிலெடுத்து, நடுத்துளையில் விரலைக் கொடுத்து, உள்ளே இருக்கும் வட்டை மெல்லச் சுழற்றியபடி, நீள்வட்டச் சாளரத்தின் வழியே சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல பரப்பு ஒரே சீரான பழுப்பாகவோ கருமையாகவோ மின்னும். பூசணம் பிடித்தது வெண்மையான புள்ளிகளாக, சில இடங்களில் சிலந்தி நூல்போலக் கிளைத்துத் தெரியும். 3.5 அங்குலத்தில் உலோகக் கதவை விரலால் தள்ளிப்பிடித்துக்கொண்டு, பின்புறத்து உலோகக் குமிழைச் சுழற்றி இதேபோலப் பார்க்கலாம். சுழற்றும்போது ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் பலவந்தம் செய்ய வேண்டாம். பரப்பில் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் வளையம் தெரிந்தால், அங்கே காந்தப் பூச்சே உதிர்ந்துவிட்டது; அந்தத் தடத்தில் (தரவு பதியும் வட்டப் பாதையில்) இருந்தது எந்தக் கருவிக்கும் திரும்பி வராது. அந்த வளையம் எப்படி உண்டாகிறது என்றால், பூசணம் பிடித்த ஃபிளாப்பியை அப்படியே டிரைவில் போட்டு, வாசிக்கவில்லையே என்று மீண்டும் மீண்டும் முயல்வதால்தான். ஹெட்டில் ஒட்டிக்கொண்ட அழுக்கு உப்புத்தாள் மாதிரி நிமிடத்துக்கு 300 சுற்று அதே தடத்தைத் தேய்க்கிறது. போதாததற்கு அடுத்துப் போடும் நல்ல ஃபிளாப்பியையும் அதே ஹெட் கீறுகிறது.

ஆகவே பூசணம் தெரிபவற்றைத் தனி உறையில் இட்டு, முகக்கவசம் அணிந்து, கடைசியில் சுத்தம் செய்யுங்கள். அதற்கு முன் எல்லா ஃபிளாப்பிகளையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு சில நாள் வைத்திருப்பது நல்லது. நனைந்த கைப்பேசிக்குச் செய்வதுபோல அரிசிக்குள் புதைத்துவைக்கும் கைவைத்தியத்தை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அரிசியின் தவிட்டுத்தூள் ஃபிளாப்பிக்குள் போனால் அதற்கு வேறு வைத்தியம் பார்க்க வேண்டிவரும். வெயிலில் உலர்த்துவதும் கூடாது, வட்டு நெளிந்துவிடும். சுத்தம் செய்ய 99 சதவீதத் தூய்மையுள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும். கைப்பேசி பழுதுபார்க்கும் கடைகளில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் கொடுப்பார்கள். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் வேறு பொருள்கள் கலந்திருக்கும் என்பதால் அது வேண்டாம். நீர் தேவைப்பட்டால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. கடலோரப் பக்கத்து போர்வெல் தண்ணீரின் உப்பு வட்டின் மேல் படிந்துவிடும். 5.25 அங்குல உறையின் மேல்விளிம்பை மெல்லிய பிளேடால் கீறித் திறந்து, வட்டை விளிம்பில் மட்டும் பிடித்து வெளியே எடுங்கள். எடுப்பதற்கு முன் எந்தப் பக்கம் மேல்பக்கம் என்று நடுத்துளையை ஒட்டிச் சிறு குறி வைக்காவிட்டால், திரும்பப் போடும்போது பக்கம் மாறிப்போகும். பிசிறில்லாத துணியை ஆல்கஹாலில் நனைத்து, அழுத்தாமல், இருபுறமும் துடையுங்கள். துணியில் வெண்மை வந்தால் பூசணம். பழுப்பு வந்தால் பூச்சே கரைகிறது என்று பொருள், உடனே நிறுத்திவிடுங்கள். காய்ந்தபின், தேவையில்லாத வேறொரு ஃபிளாப்பியின் சுத்தமான உறைக்குள் செருகி வாசிக்கலாம். 3.5 அங்குலத்துக்கும் இதே முறைதான். பிளாஸ்டிக் ஓட்டை நெம்பித் திறந்தால் வட்டு தனியே வந்துவிடும்.

இனி டிரைவுகள். நீங்கள் வாங்கிய யூ.எஸ்.பி. டிரைவு பயனற்றதல்ல, ஆனால் அதன் எல்லை குறுகியது. அது 3.5 அங்குலத்தில், விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் முறையிலோ விண்டோஸ் முறையிலோ எழுதப்பட்ட 1.44 எம்.பி., பெரும்பாலும் 720 கே.பி. ஆகியவற்றை மட்டுமே அறியும். மென்பொருள் நிறுவனங்கள் ஒரு தடத்துக்கு 18 செக்டருக்குப் பதிலாக 21 செக்டர் திணித்து வெளியிட்ட 1.68 எம்.பி. ஃபிளாப்பிகள் அதற்குப் புரியாது. மெக்கின்டோஷின் 400, 800 கே.பி. ஃபிளாப்பிகளும் புரியாது. அவை முற்றிலும் வேறு குறியீட்டு முறையில் எழுதப்பட்டவை என்பதோடு, வெளித்தடத்திலிருந்து உள்தடம் செல்லச் செல்ல மேக்கின் டிரைவு தன் வேகத்தையே மாற்றிக்கொண்டு எழுதியது. ஆனால் 1988க்குப் பின் வந்த மேக்குகளில் எழுதப்பட்ட 1.44 எம்.பி. ஃபிளாப்பிகளை உங்கள் யூ.எஸ்.பி. டிரைவே செக்டர் செக்டராக வாசித்துவிடும். விண்டோஸுக்கு அந்தக் கோப்பு முறைமை தெரியாததால் ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். உங்களிடம் அப்படிக் கேட்டவற்றில் சில இந்த வகையாக இருக்கலாம். டி.டி.பி. தொழில் தொடங்கிய காலத்தில் மேக் வைத்திருந்த அச்சகங்கள் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

5.25 அங்குலத்துக்கு நேரடியான யூ.எஸ்.பி. டிரைவு கடைகளில் கிடையாது. கணினிக்குள் பொருத்தும் பழைய உள்டிரைவு ஒன்றைத் தேடித்தான் ஆக வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலும் பழைய கணினிப் பொருள் விற்பவர்களிடமும் விசாரிக்கலாம். அதை இன்றைய கணினியோடு இணைக்க கிரீஸ்வீசல் என்ற சிறிய பலகை இருக்கிறது. கீர் ஃப்ரேசர் என்பவர் உருவாக்கித் திறந்த மூலமாக வெளியிட்டது. ஒரு முனையில் 34 முள் ஃபிளாப்பி கேபிள், மறுமுனையில் யூ.எஸ்.பி. 5.25 அங்குல டிரைவுக்கு 5 வோல்ட்டோடு 12 வோல்ட்டும் வேண்டும் என்பதால், பழைய கணினியின் மின்வழங்கி (எஸ்.எம்.பி.எஸ்.) ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1.2 எம்.பி. டிரைவாகப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் அது 360 கே.பி. ஃபிளாப்பியையும் வாசிக்கும். முன்னதில் 80 தடம், பின்னதில் 40 தடம் என்பதால் ஹெட் ஒவ்வொரு முறையும் இரண்டு தடம் தாண்டும்படி மென்பொருளில் குறிப்பிட வேண்டும். ஆனால் அந்த டிரைவில் 360 கே.பி. ஃபிளாப்பியின் மேல் எழுதிப் பார்க்க மட்டும் கூடாது. அதன் குறுகிய ஹெட், அகலமான பழைய தடத்தின் நடுவே மெல்லிய கோடாக எழுதி, இரண்டு பதிவுகளையும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

இத்தகைய பலகையின் சிறப்பு என்னவென்றால், சாதாரண டிரைவுபோல அது செக்டரைக் கேட்டுப் பெறுவதில்லை. வட்டு சுழலும்போது காந்தத் திசை மாறும் ஒரு திருப்பத்துக்கும் அடுத்த திருப்பத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் ஆனது என்பதை மட்டும் அளந்து அப்படியே பதிவுசெய்துகொள்கிறது. எந்த நிறுவனத்தின் ஃபிளாப்பி, எந்த முறைமை என்பதெல்லாம் அப்போதைக்குத் தேவையில்லை. அந்தப் பதிவைப் பின்னால் நிதானமாக எத்தனை விதமாகவும் பிரித்துப் பார்க்கலாம், ஃபிளாப்பியை மீண்டும் தொட வேண்டியதில்லை. 1.44 எம்.பி. வகையில் இந்த இடைவெளிகள் 2, 3, 4 மைக்ரோ நொடி என்ற மூன்று அளவுகளில் மட்டுமே வர வேண்டும். 720 கே.பி. வகையில் அவை 4, 6, 8. வரைபடமாகப் போட்டுப் பார்த்தால் நல்ல தடத்தில் மூன்று கூரான சிகரங்கள் தனித்தனியாக நிற்கும்; கெட்டுக்கொண்டிருக்கும் தடத்தில் சிகரங்கள் அகன்று ஒன்றின் அடிவாரத்தில் மற்றொன்று கலக்கும். பூசணமா, ஹெட் விலகலா, பூச்சு உதிர்வா என்பதைச் சற்றுப் பழகியவர்கள் இதைப் பார்த்தே ஊகித்துவிடுவார்கள். நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 0.2 நொடி, இருபுறமும் சேர்த்து 160 தடங்களுக்கு மும்மூன்று சுற்று வாசித்தாலும் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு ஃபிளாப்பி முடிந்துவிடும். மேக்கின் 800 கே.பி. ஃபிளாப்பிகளையும் சாதாரண 3.5 அங்குல உள்டிரைவில் இதே பலகையைக் கொண்டு எடுத்துவிடலாம்.

உங்களிடம் யூ.எஸ்.பி. டிரைவு மட்டுமே இருந்தாலும், கோப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போடாமல், முழு ஃபிளாப்பியையும் ஒரே படிமக் கோப்பாக, அதாவது பைட்டுக்குப் பைட்டு நகலாக, எடுங்கள். லினக்ஸில் டி.டி.ரெஸ்க்யூ என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது. 1.44 எம்.பி. ஃபிளாப்பியின் படிமம் சரியாக 14,74,560 பைட்டுகள். அதாவது 512 பைட்டு கொண்ட 2,880 செக்டர்கள். இந்தக் கருவி எந்தெந்தச் செக்டர் வரவில்லை என்பதைத் தனியொரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். ஹெட்டைத் துடைத்துவிட்டோ, வேறொரு டிரைவை மாட்டியோ, அதே வரைபடக் கோப்பைக் கொடுத்து மறுபடி இயக்கினால் விடுபட்ட செக்டர்களை மட்டும் முயலும். ஒரு டிரைவு கைவிட்ட செக்டரை இன்னொன்று எளிதாக வாசிப்பது இந்த வேலையில் அன்றாடம் காண்பது.

வராத செக்டர் எது என்பதும் முக்கியம். 1.44 எம்.பி. வகையில் முதல் செக்டர் தொடக்கச் செக்டர்; அடுத்த 9 செக்டர்கள் எந்தக் கோப்பு எங்கே தொடர்கிறது என்ற அட்டவணை; அதற்கடுத்த 9 அதே அட்டவணையின் நகல்; அதன்பின் 14 செக்டர்களில் கோப்புப் பெயர்கள், அதிகபட்சம் 224. இவை எல்லாம் வட்டின் வெளிவிளிம்பில் உள்ளவை; விரல் படுவதும் பூசணம் தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். அட்டவணையின் ஒரு பிரதி கெட்டாலும் மற்றதைக் கொண்டு ஒப்பேற்றிவிடலாம். இரண்டும் கெட்டால்கூட, சிறிய கோப்புகள் அடுத்தடுத்த செக்டர்களிலேயே இருக்கக்கூடும் என்பதால் டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவியாலோ, படிமத்தை நேரே எழுத்தாகப் பார்த்தோ மீட்க இடமுண்டு. அழிக்கப்பட்ட கோப்பின் பெயரில் முதல் எழுத்து மட்டுமே மாற்றப்படுகிறது, அதன்மேல் வேறொன்று எழுதப்படாதவரை உள்ளடக்கம் அப்படியே கிடக்கும். தலபுராணத்தின் முந்தைய வரைவு ஏதேனும் அழிக்கப்பட்டிருந்தால் அதுவும் இவ்வழியில் கிடைக்கலாம்.

கோப்புப் பட்டியலில் பேக்கப், கன்ட்ரோல் என்ற பெயர்களோடு 001, 002 என எண் தொடர்ந்தால், அது டாஸின் பேக்கப் கட்டளையால் பல ஃபிளாப்பிகளில் பிரித்து எழுதப்பட்டது. வரிசையில் உள்ள எல்லா ஃபிளாப்பிகளும் வேண்டும். கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை போன்றவற்றின் கணக்குகள் டிபேஸ், லோட்டஸ் என்ற பழைய தரவு, கணக்கு மென்பொருள்களின் கோப்புகளாக இருந்தால், லிப்ரேஆஃபிஸ் என்ற இலவச மென்பொருள் நேரடியாகத் திறக்கும். அவற்றுக்காக மெனக்கெட வேண்டாம்.

உரைக் கோப்புகளில்தான் நிதானம் தேவை. பக்கம் அமைக்கும் மென்பொருளான வெஞ்சுரா பப்ளிஷரில் வேலை செய்திருந்தால் அதிர்ஷ்டம் என்பேன். அது பக்க அமைப்பை ஒரு கோப்பிலும் உரையைத் தனிக் கோப்பிலும் வைத்தது. உரைக் கோப்பைச் சாதாரண எடிட்டரில் திறந்தால் பத்தியின் தொடக்கத்தில் அட் குறியும் பாணியின் பெயரும் சமக்குறியும், அதன்பின் முழு உரையும் இருக்கும். பேஜ்மேக்கர் உரையைத் தன் கோப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். 6, 7 ஆம் பதிப்புக் கோப்புகளை லிப்ரேஆஃபிஸ் ஓரளவுக்குத் திறக்கிறது, அதற்கு முந்தையவற்றுக்குப் பழைய பேஜ்மேக்கரையே மெய்நிகர் கணினியில் நிறுவ வேண்டிவரும். வேர்ட்ஸ்டார் கோப்புகளில் ஆங்கிலச் சொற்களின் கடைசி எழுத்து விசித்திரமாகத் தெரியும். அந்த மென்பொருள் சொல்லின் இறுதி எழுத்தைக் குறிக்கும் எட்டு இரும இலக்கங்களில் (பிட்) எட்டாவதை ஏற்றிவைத்ததுதான் காரணம். அந்தப் பிட்டை நீக்கும் கருவிகள் இணையத்தில் உண்டு. ஆனால் தமிழ்க் கோப்பில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்காதீர்கள். பல தமிழ்க் குறியாக்கங்கள் எட்டாவது பிட் ஏறிய இடங்களில்தான் எழுத்துகளை வைத்திருந்தன. அதை நீக்கினால் முழு உரையும் மீளமுடியாதபடி சிதைந்துவிடும்.

எந்தக் குறியாக்கம் என்பதைக் கண்டுபிடிக்க லேபிளின் தேதி முதல் துப்பு. இந்திய மொழிகளைக் கணினியில் காட்டுவதற்கான, புனேயின் சி-டாக் நிறுவனத்து ஜிஸ்ட் அட்டை பொருத்திய கணினியில் டாஸ் காலத்தில் அடித்ததென்றால், இஸ்கி எனப்படும், 1991இல் இந்தியத் தரமாக்கப்பட்ட குறியாக்கமாக இருக்கும். அதில் தமிழெழுத்துகள் அனைத்தும் 160க்கு மேற்பட்ட எண்களில், உச்சரிக்கும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோடின் இந்திய மொழிப் பகுதிகளே 1988ஆம் ஆண்டு இஸ்கியை அடியொற்றி அமைந்தவை என்பதால் மாற்றுவது எளிது. விண்டோஸ் வந்தபின் அடித்தவை பெரும்பாலும் ஃபாண்டைச் சார்ந்தவை. சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் ஆகிய குறியாக்கங்கள் உங்கள் பெட்டியின் கடைசி இரண்டு மூன்று ஆண்டு ஃபிளாப்பிகளில் மட்டுமே இருக்க முடியும். யூனிகோட் இருக்க வாய்ப்பு அரிது, விண்டோஸ் 2000இலிருந்துதான் தமிழ் யூனிகோட் அந்த இயங்குதளத்தில் புழங்கத் தொடங்கியது.

பொருளற்ற ஆங்கில எழுத்துகள் என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தட்டச்சு இயந்திர வரிசையைப் பின்பற்றிய பாமினி போன்ற ஃபாண்டாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. சோதிப்பது சுலபம். பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல், சின்ன எழுத்தில் ஜே, கே, ‘பேப்பர்’ என்பதன் முதலெழுத்தான பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். கோப்பெங்கும் அரைப்புள்ளிகள் இறைந்து கிடக்கும், ஏனென்றால் அந்த ஃபாண்டில் மெய்யெழுத்தின் புள்ளி அதுதான். இப்படிப்பட்ட கோப்பை எம்.எஸ். வேர்டில் திறந்து திருத்தாதீர்கள். தட்டச்சு செய்யும்போது வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் வசதி அதில் இருக்கிறது. பாமினியில் சின்ன ‘என்’ ஒற்றைக் கொம்பு, பெரிய ‘என்’ இரட்டைக் கொம்பு. ‘செல்வம்’ என்று நீங்கள் அடிக்கத் தொடங்கும் வரி ஒரு நொடியில் ‘சேல்வம்’ ஆகிவிடும், தலபுராணத்தில் அப்படி எத்தனை இடத்தில் மாறியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. சாதாரண எடிட்டரில், நகலை மட்டும் திறந்து பாருங்கள்.

பாமினி, டாம், டாப், டிஸ்கி, வானவில், ஸ்ரீலிபி ஆகிய பரவலான குறியாக்கங்களுக்கு என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் உண்டு; நிரல் எழுதத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பிலும் மாற்றிகள் இருக்கின்றன. எதற்கும் மசியாத கோப்புக்குத்தான், தொடக்கத்தில் சொன்ன ஃபாண்ட் ஃபிளாப்பி. அந்தக் காலத்தில் ஃபாண்டில் இரண்டு மூன்று எழுத்துகளின் இடத்தைத் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டவர்களும், கிரந்த எழுத்துக்கும் பின்ன எண்களுக்கும் தாங்களே இடம் ஒதுக்கியவர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஃபாண்டின் பெயரைக் கேட்டு எந்தக் கன்வர்ட்டரும் விழிக்கும். ஃபாண்ட் கோப்பு மட்டும் கையில் இருந்தால், ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருளில் திறந்து, எந்த எண்ணுள்ள கட்டத்தில் எந்த எழுத்து வரையப்பட்டிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே ஓர் அட்டவணை தயாரித்துவிடலாம். ஒரு நாள் மாலை உட்கார்ந்தால் முடிகிற வேலை. ஃபாண்ட் இல்லையென்றால், அதே உரையின் அச்சுப் பிரதியோ ஒரு திருமணப் பத்திரிகையோ கிடைத்தால் அதோடு கோப்பை வரிக்கு வரி ஒப்பிட்டு அட்டவணையைக் கட்டலாம், உழைப்பு பன்மடங்கு கூடும். அட்டவணை தயாரிப்பவர் மறக்கக் கூடாத ஒன்று, இந்த ஃபாண்டுகளில் கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. யூனிகோடில் க முதலில் வர வேண்டும். இடமாற்றம் செய்யாமல் எழுத்துக்கு எழுத்து மாற்றினால் கொம்பெல்லாம் முந்தைய எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இந்த வேலையை வெளியே கொடுப்பதென்று முடிவு செய்தால், கோப்புகளோடு ஒவ்வொரு ஃபிளாப்பியின் முழுப் படிமத்தையும் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். தயங்கினால் வேறு இடம் பாருங்கள். பெட்டி முழுக்க இருப்பதன் படிமங்கள் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு பென்டிரைவின் மூலையில் அடங்கிவிடும், ஆகையால் இடமில்லை என்பது காரணமாகாது.

பூசணம் இல்லாத 3.5 அங்குல ஃபிளாப்பிகளில் ஃபாண்ட் என்று தோன்றும் ஒன்றை எடுத்து முதலில் தொடங்குங்கள். அதன் படிமத்திலுள்ள கோப்புப் பட்டியலையும், நீங்கள் ஏற்கெனவே திறந்த கோப்பின் முதல் பத்து வரிகளையும் மாற்றாமல் அப்படியே அனுப்பினால், அது எந்தக் குறியாக்கம் என்பதையும், 5.25 அங்குல டிரைவுக்குச் செலவு செய்யும் முன் தலபுராணம் எந்த அடுக்கில் இருக்க வாய்ப்பு என்பதையும் சொல்லிவிட முடியும்.